பழங்குடிகள் காட்டுக்குத் தீ வைப்பது நல்லதா? அப்புறம் நாம் எதற்கு முகக்கவசம் போட்டோம்?

பிப்ரவரி 16, இரவு 9.12 | ஈசூன்வாசி

ஆஸ்திரேலியப் பழங்குடிகள் காட்டைக் கொளுத்தியே காட்டைக் காப்பாற்றினார்கள் என்று ஒரு காணொளி சுற்றுகிறது. கர்நாடகத்துச் சோலிகர்களும் அப்படித்தானாம். 2013 ஜூன் 21ஆம் தேதி இங்கே சிங்கப்பூரில் சுமத்ராப் புகை வந்து, காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401க்கு ஏறியபோது சன்னல் இடுக்கில் ஈரத்துண்டு செருகியவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? தீ வைப்பது மரபறிவு என்றால் சுமத்ராவில் கொள்ளி வைப்பவரும் மரபறிவாளர்தானே? தெரிந்தவர்கள் சொல்லவும்.

பிப்ரவரி 16, இரவு 11.40 | சருகு

எது எரிகிறது என்று முதலில் கேளுங்கள். ஓராண்டுச் சருகும் காய்ந்த புல்லும் எரிந்தால் சுடர் முழங்கால் உயரம். ஓர் இடத்தில் நிற்பது சில விநாடி. பட்டை தடித்த மரம் அசையாது. இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் சூடுகூட ஏறாது. அதே காட்டில் ஐந்தாறு ஆண்டுச் சருகும் விழுந்த கிளையும் சேர்ந்து, ஏப்ரல் வெயிலில் பற்றினால் மரத்தின் உச்சிவரை கருகும், மண்ணில் கிடக்கும் வித்தும் சாகும். மூன்றாவது வகை, மண்ணே எரிவது. நம் மூக்குக்கு வந்தது அந்த மூன்றாவது. அதைப் பிறகு எழுதுகிறேன்; முதலில் சோலிகர்.

பிப்ரவரி 17, மாலை 7.05 | சருகு

சோலிகர் இருப்பது பிலிகிரி ரங்கன் மலை. சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே ஒட்டிக் கிடக்கிறது. அவர்கள் வைக்கும் தீக்குப் பெயர் ‘தரகு பெங்கி’. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் தீ. தரகு என்றதும் உங்களுக்கு வீட்டு முகவர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

காலம்தான் இதில் உயிர். கோடையின் தொடக்கம், ஜனவரியை ஒட்டி. இலை உதிர்ந்துவிட்டது, ஆனால் அடிமண்ணில் மழைக்கால ஈரம் இன்னும் இருக்கிறது, இரவில் பனி இறங்குகிறது. பகலில் வைத்த தீ மேலடுக்குச் சருகைத் தின்றுகொண்டே போய் இரவுப் பனியில் தானே படுத்துவிடும். ஓடைக்கரையிலும் நிழலடர்ந்த பள்ளத்திலும் நுழையாது. காடு முழுக்க எரியாமல் திட்டுத் திட்டாக எரியும். இந்த ஆண்டு எரிந்த திட்டில் அடுத்த ஆண்டு எரிக்கப் பொருள் குறைவு, எனவே அந்தத் திட்டே அடுத்த தீக்கு வேலி.

கிடைக்கும் பயன்: மாட்டுக்கும் மானுக்கும் புதுப் புல், உண்ணித் தொல்லை குறைவு, நடக்கும்போது யானையும் கரடியும் தூரத்திலேயே கண்ணில் படும், நெல்லி பொறுக்கத் தரை சுத்தம்.

1974இல் அந்த மலை சரணாலயமானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் தீ வைப்பதைத் தடுக்கிறது. தரகு பெங்கிக்கும் பீடித்துண்டு எறிந்து காட்டைக் கொளுத்துவதற்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே பெயர். தீ நின்றது. அதன்பின் இரண்டு உண்ணியும் பெருகின என்பது சோலிகர் சொல்வது: மாட்டைக் கடிக்கும் உண்ணியும், காட்டை மூடிய உண்ணிச்செடியும்.

பிப்ரவரி 17, இரவு 8.31 | ஈசூன்வாசி

அப்படியானால் தீயைத் திரும்ப அனுமதித்தால் உண்ணிச்செடி போய்விடும்?

பிப்ரவரி 18, காலை 6.50 | சருகு

போகாது. நேற்று நான் எழுதிய கடைசி வரி அப்படிப் படிக்கத் தூண்டுகிறது, திருத்துகிறேன்.

உண்ணிச்செடி 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. அதன் நாற்று விரல் உயரத்தில் இருக்கும்போது சருகுத் தீ பட்டால் கருகிவிடும். ஆண்டுக்கு ஆண்டு தீ ஓடிய காலத்தில் நாற்று நிலையைத் தாண்ட அதற்கு வாய்ப்புக் குறைவு. இன்று நிலைமை வேறு. ஆள் உயரத்துக்கு மேல் புதராகி, மரத்தின் மேலும் படர்ந்து நிற்கிறது. அடியில் புல் இல்லை, எனவே மெல்லிய தீ அதற்குள் ஓடாது. ஓடும் அளவுக்குக் காய்ந்த நாளில் வைத்தால் புதரே ஏணியாகித் தீயைக் கிளைக்கு ஏற்றிவிடும். எரிந்தபின் வேர்க்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும். பக்கத்து மரக்கன்றுகள்தான் சாகும்.

ஆக வரிசை மாற வேண்டும். முதலில் கையால் வேரோடு பறித்தல். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர விட வேண்டும். மண்மட்டத்தில் அரிந்தால் பயனில்லை, ஒன்றுக்கு நான்கு தளிர் வரும். காலி இடத்தில் புல் ஏற இரண்டு மழைக்காலமாவது வேண்டும். அதற்குப் பிறகுதான் தரகு பெங்கியைப் பற்றிப் பேச்சு. பல பத்தாண்டு விட்ட தீயை ஒரு நாளில் திரும்ப வைக்க முடியாது.

பிப்ரவரி 18, பகல் 1.20 | லாலாங்

நெல்லியை விட்டுவிட்டீர்கள். அங்கே நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறி மரத்தையே சாகடிக்கிறது. தீ நின்றதால் என்கிறார்கள் சோலிகர். எனக்கு அதில் ஒரு இடிப்பு: முழங்கால் உயரச் சுடர் உச்சிக் கிளைப் புல்லுருவியை என்ன செய்யும்?

பிப்ரவரி 18, இரவு 10.02 | சருகு

நியாயமான கேள்வி. இளமரத்திலும் தாழ்ந்த கிளையிலும் ஒட்டிய புல்லுருவிக்குச் சூடும் புகையும் எட்டும். உச்சியில் இருப்பதற்கு எட்டாது, அதற்கு அரிவாள். நெல்லி பறிக்க மரமேறியவர்கள் கையோடு புல்லுருவிக் கிளையையும் வெட்டிப்போட்டார்கள். 2000களின் நடுவில் சரணாலயத்தில் விற்பனைக்காகக் காட்டுப்பொருள் சேகரிப்பது தடுக்கப்பட்டதும் அந்தக் கையும் நின்றது. தீயும் அரிவாளும் ஒன்றாகச் சேர்ந்த வேலையில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில் ஆய்வாளர்களுக்கும் சோலிகர்களுக்கும் முழு ஒத்துப்போக்கு இல்லை. நான் அரிவாளுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

பிப்ரவரி 20, இரவு 8.15 | கோப்பி ஓ

ஐயா, சில விநாடி பட்டால் ஒன்றும் ஆகாது என்றால், தீமிதியில் பாதம் பொசுங்காததும் இதே கணக்கா?

பிப்ரவரி 20, இரவு 9.44 | சருகு

நேர்ச்சைக் கணக்கில் நான் கை வைக்கமாட்டேன். வெப்பக் கணக்கை மட்டும் சொல்கிறேன். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் பூக்குழியில் பாதம் ஓர் இடத்தில் படுவது ஒரு விநாடிக்குள். சாம்பல் பூத்த கரி சூட்டை மெதுவாகவே கடத்தும். மரப்பட்டையும் அப்படியே. பட்டைக்கு உள்ளே உயிருள்ள படலம் 60 பாகை செல்சியஸ் எட்டினால் செத்துவிடும். அந்தச் சூடு உள்ளே போக எடுக்கும் நேரம் பட்டைத் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது: பட்டை இருமடங்கு தடித்தால் நேரம் நான்கு மடங்கு. அதனால்தான் ஒரு சென்டிமீட்டர் பட்டையுள்ள வேங்கை தப்பும், பென்சில் தடிமன் கன்று சாகும். பூக்குழியில் நின்று பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைப் பீட் நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

பிப்ரவரி 23, மாலை 4.30 | சருகு

பீட் நிலம். சதுப்பில் விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்குள் காற்றுப்படாமல் மக்காமலே ஆயிரக்கணக்கான ஆண்டு அடுக்கி நின்ற மண். கிழக்குச் சுமத்ராவிலும், போர்னியோவின் இந்தோனீசியப் பகுதியான கலிமந்தானிலும் பல மீட்டர் ஆழம். தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அது எரியாது.

வாய்க்கால் வெட்டி வடித்தால் மேல்மட்டம் விறகாகிவிடுகிறது. எரிந்துகொண்டிருக்கும்போது தன் உலர் எடைக்கு ஈடான நீர் உள்ளே இருந்தாலும் கனல் தொடரும். சுடர் இல்லை. காற்று போதாமல் புழுங்கி எரிவதால் கிலோவுக்குக் கிலோ புல்தீயைவிட நுண்துகள் மிக அதிகம். அந்தக் கசந்த நாற்றமும் அதனால்தான். மேலே மழை பெய்து ஓய்ந்தபின் பத்தடி தள்ளிப் புகை கிளம்பும். பூக்குழியில் நிற்பது என்றேனே, இதுதான்: வேர் நாள்கணக்கில் கனலில் நிற்கிறது, பச்சையாக இருக்கும் மரம் திடீரென்று சாய்கிறது.

1990களின் நடுவில் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கிறேன் என்று இந்தோனீசிய அரசு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியது. நெல் விளையவில்லை. 1997 வறட்சியில் அது எரிந்தது. 2015இல் இந்தோனீசியாவில் எரிந்த நிலம் 26 லட்சம் ஹெக்டேர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பீட். இதில் மரபறிவு எங்கே இருக்கிறது? வாய்க்கால் வெட்டிய இயந்திரத்திலா?

அணைப்பதும் வேறு வேலை. மேலே தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும். நீளக் குழாயை மண்ணுக்குள் இறக்கிப் பாய்ச்ச வேண்டும். உருப்படியான ஒரே வழி வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை ஏற்றுவது. நிலமட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே நீர் இறங்கக்கூடாது என்று இந்தோனீசிய விதி இருக்கிறது.

பிப்ரவரி 23, இரவு 9.10 | லாலாங்

மரபை ஒட்டுமொத்தமாக விடுதலை செய்துவிடாதீர்கள். தெற்குச் சுமத்ராவில் ‘சோனோர்’ என்று ஒரு பழைய முறை: நீண்ட வறட்சி வந்த ஆண்டில் காய்ந்த சதுப்பைக் கொளுத்திச் சாம்பலில் நெல் விதைப்பார்கள். அதுவும் மரபு, எரிவதும் பீட்தான். சுற்றிலும் ஈரச் சதுப்புக்காடு நின்ற காலத்தில் தீ அங்கேயே முடங்கியது. சுற்றியிருந்த காட்டை வெட்டி வாய்க்காலும் போட்டபின் அதே சோனோர் எல்லையில்லாமல் ஓடியது.

பிப்ரவரி 23, இரவு 10.25 | சருகு

ஏற்கிறேன். ‘மரபறிவு எங்கே’ என்று நான் கேட்டது அவசரம். செய்முறை அதேதான், அதைத் தாங்கிய நிலம் மாறிவிட்டது.

கலிமந்தானின் பழங்குடிகளான தாயாக் மக்களின் மேட்டுநில எரிப்பைத் தனியே சொல்ல வேண்டும், அது சாதாரண மண். முதலில் அடிப்புதரை அரிவார்கள், பிறகு மரம் சாய்ப்பார்கள், கிளை கழித்து மூன்று நான்கு வாரம் உலர விடுவார்கள். சுற்றிலும் சில மீட்டர் அகலத்துக்குத் தரையைப் பெருக்கி மண் தெரிய வைப்பார்கள். பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொல்லி, எல்லையில் ஆள் நிறுத்தி, காற்றுக்கு எதிராகப் பற்றவைப்பார்கள். தீ தாண்டி அடுத்தவர் ரப்பர் கருகினால் வழக்கப்படி தண்டம். சாம்பல் அந்தப் புளித்த மண்ணின் அமிலத்தைக் குறைத்துப் பாஸ்பரஸ் தருகிறது. ஓரிரண்டு போகத்தில் தீர்ந்துவிடும், பிறகு நிலத்தைப் பல ஆண்டு தரிசாக விட வேண்டும். தரிசுக் காலத்தைச் சுருக்கினால் காடு திரும்பாது, லாலாங் புல்தான் ஏறும்.

இந்தோனீசியாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் இதற்கு இடம் விட்டது: குடும்பத்துக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர், உள்ளூர் வகைப் பயிர், சுற்றிலும் தீத்தடுப்பு. இருந்தும் புகைமூட்ட ஆண்டுகளில் பிடிபட்டவர்களில் இவர்களும் உண்டு. நம் 2014ஆம் ஆண்டு எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம் குறிவைப்பது வேறு ஆட்களை, தீக்குக் காரணமான நிறுவனங்களை. அபராதம் நாளுக்கு ஒரு லட்சம் வெள்ளி, உச்சம் இருபது லட்சம்.

பிப்ரவரி 24, காலை 7.30 | ஈசூன்வாசி

துணைக்கோள் படத்தில் சிவப்புப் புள்ளி எண்ணுகிறார்களே, அதில் இந்த வித்தியாசம் தெரியாதா?

பிப்ரவரி 24, பகல் 12.50 | லாலாங்

தெரியாது. மோடிஸ் கருவியின் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர், விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். கட்டத்துக்குள் சூடு இருக்கிறது என்று மட்டும் புள்ளி சொல்லும். எரிவது நெல் வயலா, பீட்டா என்று சொல்லாது. விர்ஸ் தலைக்கு மேல் போவது பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணி வாக்கில். மாலை நான்குக்கு வைத்துப் பத்துக்குள் படுத்துவிடும் மெல்லிய தீ கணக்கிலேயே வராது. பீட் கனல் புகைக்குக் கீழே, மண்ணுக்குள், சூடு குறைவாக இருப்பதால் அதுவும் பல சமயம் தப்பிவிடும். புள்ளி குறைந்தால் தீ குறைந்தது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

மார்ச் 1, மாலை 5.15 | சருகு

எப்படி வைக்கிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சிங்கப்பூரில் திறந்தவெளியில் எரிப்பது சட்டவிரோதம். இதைப் படித்துவிட்டுப் புக்கிட் தீமா பக்கம் யாரும் தீக்குச்சி உரச வேண்டாம்.

நாள் பார்ப்பதற்கு இலைச் சோதனை. சருகின் மேலடுக்கில் ஓர் இலையை எடுத்து ஒரு முனையில் கொளுத்துங்கள். எரியும் முனையைக் கீழே சாய்த்தால் சுடர் இலைமேல் ஏற வேண்டும். அப்போதும் அணைந்தால் ஈரம் அதிகம். படுக்கையாகப் பிடித்து மெல்ல எரிந்தால் சரியான நாள். எரியும் முனையை மேலே தூக்கிப் பிடித்தும் சுடர் கீழே இறங்கி எரிந்தால் அன்றைக்கு வைக்கவே கூடாது. கையைச் சருகுக்குள் விட்டுப் பார்ப்பதும் வேண்டும்: மேலடுக்கு நொறுங்க வேண்டும், அடியடுக்கு விரலில் ஒட்ட வேண்டும். அடியும் நொறுங்கினால் மண்புழுவிலிருந்து வித்துவரை எல்லாம் போகும்.

பிற்பகல் மூன்று நான்கு மணிக்குப் பிறகு, காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும்போது தொடங்குவார்கள். காற்று போய்ச்சேரும் பக்கத்து எல்லையில் பற்றவைத்தால் தீ காற்றை எதிர்த்து ஊர்ந்து வரும். சரிவில் மேட்டில் வைத்துக் கீழே இறங்க விட வேண்டும். மேல்நோக்கி ஓடும் தீக்குச் சாய்வு 10 பாகை கூடினால் வேகம் இருமடங்கு. நீளக் கோடாக வைப்பதில்லை. இருபது முப்பது அடி இடைவிட்டுப் புள்ளி புள்ளியாக. வட்டமாகச் சுற்றி வைப்பது பெரும் பிழை: ஊர்வனவும் முயலும் நடுவில் சிக்கும், எதிரெதிர்ச் சுடர் கூடும் இடத்தில் உயரமும் எகிறும்.

முன்வேலை ஒன்று உண்டு, பலர் விடுவது அதைத்தான்: பெரிய மரங்களின் அடியில் ஒரு மீட்டர் சுற்றளவுக்குச் சருகை விலக்குவது. பொந்துள்ள பட்டமரத்தில் தீ ஏறினால் அது புகைபோக்கியாகிப் பொறியை எறியும். மறுநாள் காலை எல்லையோரக் கட்டைகளைப் புறங்கையால் தொடாமல் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். தீ தப்பி ஓடுவது பெரும்பாலும் வைத்த நாளில் இல்லை. மூன்றாம் நாள் காற்றில், ஊமையாகக் கனன்ற ஒரு கட்டையிலிருந்து.

மார்ச் 1, இரவு 8.40 | லாலாங்

‘ஒரு மீட்டர் சுற்றளவு’ இல்லை, ஒரு மீட்டர் அகலம். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரம்வரை.

மார்ச் 1, இரவு 8.52 | சருகு

ஆமாம். கணக்கு வாத்தியார் கையில் பிரம்பு.

மார்ச் 4, இரவு 11.05 | சருகு

ஆஸ்திரேலியாவுக்குத் தாமதமாக வருகிறேன். வடக்கே ககாடுவில் ஆண்டு ஆறு பருவம். ஏப்ரலில் ‘பங்கெரெங்’: ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஈட்டிப்புல்லைக் கடைசிப் புயல்கள் சாய்க்கும். மே, ஜூன் ‘யெக்கே’: புல் காயக் காய, காய்ந்த திட்டை மட்டும் எரிப்பார்கள், பக்கத்தில் பச்சை இருப்பதால் தீ நிற்கும். ஆகஸ்ட் நடுவில் ‘குருங்’ வெயில் தொடங்கியபின் வைத்தால் நாள்கணக்கில் ஓடும். மேற்கு ஆர்னம் நிலத்துப் பாறைமேட்டிலிருந்து மக்கள் வெளியேறியபின் பின்கோடைத் தீ பெருகி, அங்குள்ள சைப்ரஸ் பைன் திட்டுத் திட்டாகச் செத்தது. 2006 முதல் அங்கே 28,000 சதுர கிலோமீட்டரில், சிங்கப்பூரைப் போல ஏறக்குறைய 38 மடங்கு பரப்பில், பழங்குடி வனக்காவலர்கள் முன்கோடையிலேயே எரிக்கிறார்கள். நடந்தும் வைக்கிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்து தீப்பற்றும் குளிகை போட்டும் வைக்கிறார்கள். குறையும் மீத்தேனுக்கும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் கரிமக் கணக்கில் பணம் வருகிறது. கரியமில வாயுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அடுத்த மழையில் புல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

மார்ச் 5, காலை 7.10 | கோப்பி ஓ

அப்படியென்றால் நம்மூர் லாலாங் மேட்டையும் ஆண்டுக்கு ஒருமுறை மெல்ல எரித்துவிட்டால் பெரிய தீ வராதே?

மார்ச் 5, இரவு 9.30 | லாலாங்

என் பெயரைச் சொல்லி எரிக்கப் பார்க்கிறீர்கள்.

வேண்டாம். லாலாங்கின் உயிர் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டில். மேலே எரிந்தால் ஒரு வாரத்தில் ஊசித்தளிர் வரும். போட்டிக்கு வரும் மரக்கன்றுதான் சாகும். எரிக்க எரிக்க லாலாங் நிலைக்கும். ரெசாம் பெரணியும் அப்படி: பச்சையின் அடியில் பல ஆண்டுக் காய்ந்த ஓலை மெத்தை. 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழையில்லாமல் போனது போன்ற காலத்தில்தான் இங்கே தீ. நம் ஈரக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லியது, தீயோடு வளர்ந்த இனங்கள் இல்லை. இங்கே செய்ய வேண்டியது நிழல் கொடுப்பது. மேலே மரக்கூரை மூடினால் லாலாங் வெளிச்சமில்லாமல் தானே மெலியும்.

மார்ச் 5, இரவு 10.15 | சருகு

நீலகிரியிலும் இதே கோடு. தோடர் புல்வெளியை எரித்தார்கள், பள்ளத்துச் சோலையை எரிக்கவில்லை. ஈரச் சோலை ஓரத்தில் தீ தானாக நின்றுவிடும். இன்று அந்த ஓரத்தில் சீகையும் தைலமரமும் நட்டுவைத்திருப்பதால் தீ நிற்கும் இடம் குழம்பிவிட்டது. 2018 மார்ச் 11 தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறிகள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததும் செங்குத்தான காய்ந்த புல்சரிவில்தான். மேல்நோக்கி ஓடும் தீயை ஓடி வெல்ல முடியாது.

மார்ச் 9, மாலை 6.20 | ஈசூன்வாசி

கடைசியாக ஒன்று. எரிந்த காட்டின் படத்தை யாராவது அனுப்பினால், அது நல்ல தீயா கெட்ட தீயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்ச் 9, இரவு 9.05 | சருகு

தரையைப் பாருங்கள். கருப்புச் சாம்பலும் நடுநடுவே எரியாத பழுப்புத் திட்டும் இருந்தால் மெல்லிய தீ. வெள்ளைச் சாம்பல் விரித்தாற்போல் கிடந்தால் சூடு மிஞ்சிவிட்டது; ஒரு பெரிய கட்டை கிடந்த இடத்தில் மட்டும் வெள்ளை என்றால் பரவாயில்லை. பிறகு இலை: கருகிய இலையின் உயரம் சுடர் உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு வரும். மூன்று மீட்டர்வரை பழுப்பு, அதற்கு மேல் பச்சை என்றால் சுடர் முழங்காலை ஒட்டி இருந்திருக்கிறது. உச்சிவரை பழுப்பு என்றால் ஆள் உயரத்துக்கு மேல். படம் எடுத்த தேதியையும் கேளுங்கள். தரையில் சாம்பலே தெரியாமல், மரங்கள் மட்டும் வேரோடு சாய்ந்து கிடந்தால் அது பீட்.